மாமிச உணவு: வைத்தியம் பேசட்டும், வைதீகம் பேச வேண்டாம்

(ஒரு படிப்பகத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் பேசுவதற்கு எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள விஷயம், "மாமிசத்தைக் குறைத்துக் கொள்ள வேண்டுமா?" என்பதாகும். துண்டுப் பிரசுரத்தில் இதைப் பார்த்தவுடனே உங்களில் சிலருக்கு, "இதென்ன, சுயமரியாதைக்காரர் மேடையிலும் சைவப் பிரசங்கம் புகுந்து விட்டதா?" என்கின்ற சந்தேகம் தோன்றியிருக்கும். தோன்றுவது நியாயமேயாகும். ஏனெனில், நம் நாட்டில் "கறி தின்னாதே" என்று நமக்குப் புத்தி சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் நம் குடலைப் பற்றியோ, இருதயத்தைப் பற்றியோ கவலைப்பட்டுச் சொன்னவர்கள் அல்லர். "நீ கீழானவன், ஆகையால் தின்கிறாய், நீ தின்கிறாய், ஆகையால் கீழானவன்" என்பதுதான் அவர்கள் சொன்ன புத்தியின் சாரம்.

ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் என்ன தின்கிறான் என்பதைக் கொண்டு அவனுடைய யோக்கியதையை அளக்கின்ற எவனுக்கும் இந்த விஷயத்தில் வாய் திறக்க உரிமை கிடையாது. இதை ஒப்புக் கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேசலாம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

1948-ஆம் வருஷத்தில் டாக்டர் அம்பேத்கர் தீண்டப்படாதவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தீண்டாமை ஏற்பட்டதற்கு மாட்டுக்கறி தின்னும் வழக்கமே வேராக இருந்தது என்று வாதிக்கிறார். யாகத்தில் பசுவை அறுத்துத் தின்று கொண்டிருந்தவர்களே, பௌத்தத்தோடு ஏற்பட்ட போட்டியில் அதை விட்டொழித்துவிட்டு, விடாதவர்களைத் தாழ்ந்தவர்களாக்கி விட்டார்கள் என்பது அவர் முடிவு. அதாவது, நம் நாட்டில் சாப்பாட்டுத் தட்டு என்பது ஒரு ஜாதிச் சீட்டாக ஆக்கப்பட்டிருக்கிறது.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015-இல் உத்தரப் பிரதேசத்துத் தாத்ரிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்தில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருக்கிறார் என்று கிளப்பிவிட்ட ஒரு வதந்தியின் பேரில் ஒருவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்தே கொன்றார்கள். 2018-இல் நம் சென்னையிலேயே, பெரிய விஞ்ஞானப் படிப்புப் படிக்கின்ற ஐ.ஐ.டி.யின் சாப்பாட்டுக் கூடம் ஒன்றில், சைவக்காரருக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு வேறு வாசல், கை கழுவுவதற்கும் தனித்தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு அதைக் கிழித்தெறிய வேண்டியதாயிற்று. கறி தின்ற கையைக் கழுவுகின்ற தண்ணீர்கூடத் தீட்டு என்றால், இது சுகாதாரமா, தீண்டாமையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் இந்த நாட்டின் ஜனங்கள் யார்? 2014-இல் சர்க்கார் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் 100-க்குச் சுமார் 71 பேரும், நம் தமிழ்நாட்டில் 100-க்கு 97 பேருக்கு மேலும் மாமிசம் தின்கிறவர்கள். 97 பேர் 3 பேருடைய வாசலுக்கு ஒதுங்கி நிற்க வேண்டுமென்பது எந்த நியாயம்?

ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது

தோழர்களே! ஆனால் இப்பொழுது வந்திருக்கும் பேச்சு வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. அதைச் சொல்லுகிறவர்கள் வைத்தியர்களும், மண்ணையும் காற்றையும் ஆராய்கிறவர்களும் ஆவார்கள். "வைதீகன் சொன்னதையே இவனும் சொல்லுகிறான்" என்பதற்காக நாம் காதைப் பொத்திக் கொண்டால், வைதீகன் வேதத்தைக் கட்டிக் கொண்டு அழுவதற்கும் நாம் பிடிவாதத்தைக் கட்டிக் கொண்டு அழுவதற்கும் வித்தியாசம் இல்லாமற் போய்விடும். ஆகையால் அவர்கள் சொல்வதைக் கணக்குப் பார்த்துக் கேட்போம்.

முதலாவது, உடம்பு. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-இல் ஒரு முடிவு வெளியிட்டது. உப்பிட்டும், புகையிட்டும், மருந்திட்டும் பதனஞ் செய்த மாமிசம் பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிச்சயம் என்றும், ஆடு, மாடு, பன்றி போன்றவற்றின் சிவப்புக்கறி உண்டாக்கக்கூடும் என்றும் அது சொல்லிற்று. பதனஞ் செய்த கறியைத் தினமும் 50 கிராம் தின்றால் அந்த நோய் வருவது 100-க்கு 18 பங்கு கூடும் என்பது அவர்கள் கணக்கு. இதைப் பத்திரிகைகள் கறியும் புகையிலையும் ஒன்று என்று எழுதிப் பயமுறுத்தின. அது தப்பு. அந்த வரிசை, ருசு எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் காட்டுமேயொழிய, கெடுதி எவ்வளவு பெரிது என்பதைக் காட்டாது. 18 பங்கு கூடும் என்றால் 100 பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்றும் அர்த்தமல்ல. 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடியது 6 பேருக்கு வரும் என்றுதான் அர்த்தம். பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

இரண்டாவது, பூமி. மாடு, எருமை, ஆடு ஆகியவை புல்லைத் தின்று அசைபோடும்போது அவற்றின் வயிற்றில் மீத்தேன் என்னும் வாயு உண்டாகி, ஏப்பமாக வெளியே வருகிறது. இது கரியமில வாயுவைக் காட்டிலும் பல மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும். மனிதர்களுடைய காரியங்களால் உண்டாகும் உஷ்ண வாயுக்களில் கால்நடைகளின் பங்கு 100-க்கு 14.5 என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-இல் கணக்கிட்டது. 2023-இல் வேறு முறையில் கணக்குப் பார்த்துச் சுமார் 12 என்றது. நிலத்தைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, உலகத்தின் விவசாய நிலத்தில் 100-க்கு 83 பங்கு மாமிசம், பால், முட்டை, வளர்ப்பு மீன் இவற்றுக்கே போகிறது என்றும், அவற்றிலிருந்து மனிதனுக்குக் கிடைப்பதோ ஆகாரச் சக்தியில் 18 பங்கும் புரதத்தில் 37 பங்கும்தான் என்றும் காட்டிற்று. அந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம் என்பதும் வாஸ்தவம்தான். ஆனாலும் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவதும், மனிதன் தின்னக்கூடிய தானியத்தை மிருகத்துக்குப் போடுவதும் லாபமான வியாபாரமல்ல என்பது தெரிகிறது.

சரி, இதையெல்லாம் யாருக்குச் சொல்லுகிறார்கள்? அமெரிக்காவில் ஒரு ஆள் கணக்குக்கு வருஷத்தில் 100 கிலோவுக்கு மேல் மாமிசம் செலவாகிறது. நம் நாட்டில் 10 கிலோகூட ஆவதில்லை. 100 கிலோ தின்கிறவனுக்கு எழுதிய மருந்துச் சீட்டை 5 கிலோ தின்கிறவன் கையில் திணிப்பது வைத்தியமாகாது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுப் பேசுவதில்தான் எல்லா மோசமும் இருக்கிறது.

நாலு சமாதானங்கள்

அதிகமாகத் தின்கின்ற அந்தத் தேசத்தார் இந்தப் புத்திமதியை எப்படி ஏற்றுக் கொண்டார்கள் என்பது நாம் கவனிக்கத் தக்கதாகும். கறியைக் குறைக்கச் சொன்னால் ஜனங்கள் என்ன சமாதானம் சொல்லுகிறார்கள் என்று மனோதத்துவக்காரர்கள் ஆராய்ந்து, 2015-இல் அதை நாலாக வகுத்தார்கள். "இது இயற்கை", "இது வழக்கம்", "இது அவசியம்", "இது ருசி" என்பவையே அந்த நாலு.

தோழர்களே! இவற்றில் முதல் மூன்றை நாம் எங்கேயோ கேட்டது போல் இல்லையா? ஜாதி ஏன் என்றால் "அது இயற்கை" என்றான். பெண்ணைப் படிக்க வைக்கக் கூடாது என்பது ஏன் என்றால் "அது வழக்கம்" என்றான். கோவிலும் புரோகிதனும் ஏன் என்றால் "அது அவசியம்" என்றான். இந்த மூன்று பதிலையும் நூறு வருஷமாக மறுத்து வருகின்ற நாம், நம் தட்டு என்று வரும்போது மட்டும் அவற்றையே எடுத்துப் பேசுவது அழகாகுமா? நாலாவதாகிய ருசி ஒன்றுதான் யோக்கியமான பதில். "எனக்குப் பிடிக்கிறது, தின்கிறேன்" என்பவனிடம் பேசலாம். "பிடிக்கிறது சரி, எவ்வளவு?" என்று அவனைக் கேட்கலாம்.

இன்னொரு சங்கதி. ஜெர்மனி தேசத்தில் 2013-இல் பசுமைக் கட்சியார், பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் வாரத்துக்கு ஒருநாள் கறி இல்லாத நாள் வைக்கலாம் என்று தேர்தல் திட்டத்தில் சொன்னார்கள். "எங்கள் தட்டில் கை வைக்க இவர்கள் யார்?" என்று பெரிய கலவரமாகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் 100-க்கு 10.7 ஓட்டு வாங்கியிருந்த கட்சி அந்தத் தேர்தலில் 8.4-க்கு இறங்கியது. ஆனால் பிறகு என்ன நடந்தது? யாரும் சட்டம் போடாமலேயே அந்த ஜனங்கள் தாங்களாகக் குறைத்துக் கொண்டார்கள். ஆள் ஒன்றுக்கு வருஷம் 60 கிலோவாக இருந்தது 2022-இல் சுமார் 52 கிலோவுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்திலும் 2008-க்கும் 2019-க்கும் இடையில் ஒரு ஆள் ஒருநாளைக்குத் தின்னும் கறி 100-க்கு 17 பங்கு குறைந்தது. பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தார் 2009 முதல் வியாழக்கிழமையைக் காய்கறி நாளாக வைத்திருக்கிறார்கள். அது கட்டாயமல்ல, விருப்பம். இதிலிருந்து தெரிவதென்ன? அதிகாரத்தால் தட்டில் கை வைத்தால் மனிதனுக்கு ரோஷம் வரும். காரணத்தைச் சொல்லி அவனிடமே விட்டுவிட்டால் யோசனை வரும். இதைத்தான் நாம் எல்லா விஷயத்திலும் சொல்லி வருகிறோம்.

நெய்யும் பசுவும்

இனி நம் நாட்டு வைதீகர்களைப் பார்ப்போம். இந்த ஆராய்ச்சிகள் வெளிவந்ததும் அவர்களுக்கு ஒரே ஆனந்தம். "பார்த்தீர்களா, எங்கள் முன்னோர்கள் அன்றைக்கே சொன்னார்கள், இன்றைக்கு வெள்ளைக்காரனே ஒப்புக் கொண்டான்" என்கிறார்கள். முன்னோர்கள் மீத்தேனை எந்த ஸ்மிருதியில் அளந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

மீத்தேனுக்கு ஜாதி தெரியாது. கறிக்கு வளர்த்த மாடு விடுகின்ற ஏப்பமும், பாலுக்கு வளர்த்த பசு விடுகின்ற ஏப்பமும் ஒரே வாயுதான். 2019-இல் எடுத்த கால்நடைக் கணக்கின்படி நம் தேசத்தில் மாடும் எருமையுமாக 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. உலகத்துப் பாலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நம் நாட்டில்தான் கறக்கப்படுகிறது. ஒரு கிலோ நெய் எடுப்பதற்குப் பத்துப் பதினைந்து லிட்டருக்குக் குறையாமல் பால் வேண்டும். தினமும் நெய்யும், தயிரும், பாலேடும், பால் இனிப்புமாகச் சாப்பிடுகிற ஒரு பணக்காரச் "சுத்த சைவ"க்காரர், மாதத்துக்கு இரண்டு தடவை கோழிக்கறி சாப்பிடுகின்ற ஒரு கூலிக்காரரைப் பார்த்து, "நீ பூமியைக் கெடுக்கிறாய்" என்று சொல்லுவாரேயானால் அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை.

அதுவுமன்றி, பால் கறக்க வேண்டுமானால் பசு கன்று போட வேண்டும். போடுகிற கன்றுகளில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட பிறகு அந்தக் காளைக்கன்று எங்கே போகிறது? கறவை வற்றிய கிழமாடு எங்கே போகிறது? பாலைக் குடிப்பவர் புண்ணியவான், அந்த மாட்டின் கறியைத் தின்பவர் பாவி என்பது எந்தக் கணக்கு?

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. கர்நாடகத்தில் 2021-இல், இரத்தமும் சதையும் வற்றிக் கிடக்கின்ற வடகிழக்கு ஜில்லாக்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டோடு முட்டை கொடுக்க சர்க்கார் ஏற்பாடு செய்தபோது, மடாதிபதிகள் கூடி எதிர்த்தார்கள். கொப்பள் ஜில்லாவில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளே முன்வந்து "எங்களுக்கு முட்டை வேண்டும்" என்று பேசினார்கள். அந்தப் பெண்களுக்கு இருந்த தைரியத்தை நாம் பாராட்ட வேண்டும். நம் தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, பிறகு வாரத்துக்கு ஐந்து முட்டை என்று வளர்ந்தது. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். இதுதான் நாகரிகமான ஏற்பாடு. தின்னுகிறவனுக்கும் குறைவில்லை, தின்னாதவனுக்கும் கட்டாயமில்லை.

நம்மவர் செய்யும் தவறு

வைதீகரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவனாக மாட்டேன். நம்மில் சில தோழர்கள், "அவன் தின்னாதே என்கிறான், ஆகையால் நான் இரண்டு பங்கு தின்பேன்" என்று இருக்கிறார்கள். கூட்டம் என்றால் பிரியாணி, கல்யாணம் என்றால் பிரியாணி, சீர்திருத்தம் என்றாலும் பிரியாணி. மடாதிபதி வேண்டாம் என்பதால் தின்னாமல் இருப்பவனும், மடாதிபதி வேண்டாம் என்பதற்காகவே தின்பவனும் ஆகிய இருவருக்கும் சாப்பாட்டை நிர்ணயிப்பவர் மடாதிபதிதானே! இதில் சுயமரியாதை எங்கே இருக்கிறது? தடையை உடைப்பதற்காக ஒருநாள் தின்பது ஒரு போராட்டம். தினந்தோறும் தேவைக்கு மேல் தின்பது போராட்டமல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்துக்குக் கொள்கையின் பெயரைச் சூட்டக் கூடாது.

ஜீவகாருண்யம் என்ற பேச்சையும் நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. வடலூர் இராமலிங்கர் கறி வேண்டாம் என்றவர்தான். ஆனால் அவர் 1867-இல் தருமசாலை வைத்து, ஜாதி பாராமல் பசித்தவனுக்கு முதலில் சோறு போட்டார். பசித்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு உயிரிடத்தில் இரக்கம் பேசுகிறவரிடம் நமக்குச் சண்டையில்லை. மனிதனை எட்ட நிறுத்திவிட்டுப் பசுவைக் கும்பிடுகிறவரிடம்தான் சண்டை.

இன்றைக்கு நாம் தின்னும் கோழி எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். கொல்லையில் புழுப்பூச்சி கொத்தித் திரிந்த கோழி போய், கொட்டகையில் ஆயிரக்கணக்கில் அடைத்து, மக்காச்சோளமும் சோயாவும் போட்டு, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆக்கி லாரியில் ஏற்றுகின்ற கோழி வந்திருக்கிறது. விலை மலிந்து ஏழைக்கும் கறி கிடைக்கிறது என்பது இதில் நன்மை. ஆனால் நோய் வராமலும் சீக்கிரம் பருக்கவும் மருந்துகளைத் தாராளமாகப் போட்டதன் பலனாக, மனிதனுக்கு நோய் வரும்போது அந்த வகை மருந்து வேலை செய்யாமற் போகும் ஆபத்து ஏற்பட்டிருக்கிறது. கடைசி நேரத்தில் உயிர் காக்க வைத்திருந்த கோலிஸ்டின் என்ற மருந்தை மிருகங்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2019-இல் இந்திய சர்க்கார் தடை செய்யும்படி ஆயிற்று. இதற்குக் கூச்சல் போட வேண்டியவர்கள் கறி தின்கின்ற நாம்தான்.

யார் குறைப்பது? யாருக்குக் கூட்டுவது?

கடைசியாக, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஜனங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த ஜனங்கள்?

2019-க்கும் 2021-க்கும் இடையில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. முன்னேறிய நாடு என்று நாம் பெருமைப்படுகின்ற தமிழ்நாட்டிலேயே 53 பேருக்கு. 97 பேர் கறி தின்கிற நாட்டில் பாதிப் பெண்களுக்கு இரத்தம் இல்லை என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒரு காரணத்தைத் தேடிக் கொண்டு ஆராய்ச்சிச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டு அடுப்பங்கரைக்குப் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கறி வாங்கினால், துண்டு யாருக்கு விழுகிறது? முதலில் புருஷனுக்கு, பிறகு ஆண்பிள்ளைகளுக்கு, பிறகு விருந்தாளிக்கு. சமைத்தவளுக்குச் சட்டியை வழித்த குழம்பு. அவள் கறி தின்கிறவள் என்று கணக்கில் எழுதப்படுகிறாள். தின்றது என்னவோ மசாலா. கறியைக் குறைப்பது பற்றிப் பேசுகிற ஆண் தோழர்கள் முதலில் தங்கள் தட்டிலிருந்து இரண்டு துண்டு எடுத்து மனைவி தட்டிலும் மகள் தட்டிலும் வைக்கட்டும். நாட்டுக்குக் கறி கூடாமலேயே வீட்டுக்கு நியாயம் கூடிவிடும்.

2019-இல் உலகத்து நிபுணர்கள் கூடி, உடம்புக்கும் பூமிக்கும் பொருந்தும்படியாக ஒரு அளவு சொன்னார்கள். அதன்படி ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வகை சுமார் 100 கிராம். கோழிக்கறி சுமார் 200 கிராம். மீனும் சுமார் 200 கிராம். பெரிய நகரங்களில் தினம் ஒருவேளை பொரித்த கோழியும், இரவில் பரோட்டாவும் கறியும் என்று இருக்கின்ற வாலிபர்கள் இதைப் பார்த்துக் குறைக்க வேண்டியவர்கள்தான். ஆனால் கிராமத்தில் ஞாயிறு ஒருநாள் மட்டும் கறி கண்ணில் காண்கின்ற குடும்பங்கள் அநேகமாய் இந்த அளவுக்கு உள்ளேயேதான் இருக்கின்றன. வரப்பில் மேய்கின்ற அவர்களுடைய இரண்டு ஆடும் மீத்தேன் விடத்தான் செய்கின்றன. ஆனால் மனிதன் தின்னும் தானியத்துக்கு அவை போட்டிக்கு வருவதில்லை. ஏழைத் தேசங்களில் வளரும் பிள்ளைகளுக்குச் செடியிலிருந்து வருவது மட்டும் போதாமற் போகலாம் என்று அந்த அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் வைதீகர்கள் படிப்பதில்லை.

கறியைக் குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பதும் கேள்விதான். வெள்ளைச் சோற்றை வைத்தால் காரியம் கெட்டுவிடும். 2023-இல் வெளியான கணக்கின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல். நம் ஜனங்களின் ஆகாரச் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் இன்னொரு ஆராய்ச்சி சொல்லிற்று. அரைப்படிச் சோறும் ஒரு கரண்டி ரசமும் "சாத்வீகம்" ஆகலாம், ஆரோக்கியம் ஆகாது. ஆகவே குறைக்கிற கறிக்குப் பதில் துவரை, உளுந்து, கொள்ளு, பச்சைப்பயறு, வேர்க்கடலை, கீரை, முட்டை இவை வர வேண்டும். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து சீக்கிரம் உடம்பில் சேராது. கூட ஒரு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ இருந்தால் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சேராமல் தடுக்கும். கறி, முட்டை, பால் எதுவுமே வேண்டாமென்பவர்கள், பி12 என்கின்ற சத்து செடியில் கிடையாது என்பதைத் தெரிந்து கொண்டு வைத்தியரைக் கேட்டு மாத்திரை சாப்பிட வேண்டும். விரதம் இருந்தால் அது வராது.

ஆகவே தோழர்களே! அதிகம் தின்கின்றவன் தன் உடம்புக்காகவும், தன் பேரப்பிள்ளைகள் வாழப்போகும் பூமிக்காகவும் தானாகக் குறைத்துக் கொள்ளட்டும். பதனஞ் செய்த கறியையும் எண்ணெயில் பொரித்ததையும் முதலில் குறைக்கட்டும். நெய்யும் பாலும் அளவின்றிச் சாப்பிடுகிறவரும் இதே கணக்குக்குள் வரட்டும். கிடைக்காத பிள்ளைக்கும், இரத்தமில்லாத பெண்ணுக்கும், பாடுபடுகின்ற ஏழைக்கும் கூடக் கிடைக்கட்டும். இவற்றில் எதற்கும் தடியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம்; தராசும் புத்தியும் போதும்.

வாரத்தில் எந்த நாள் கறி வேண்டாமென்று வைத்துக் கொள்ளலாம் என்று ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். எந்த நாளும் வைத்துக் கொள்ளலாம். ஆனால் வெள்ளி, சனி, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி என்று வைத்துக் கொள்ள வேண்டாம். அப்படி வைத்தால் அடுத்த வருஷமே அதற்கு ஒரு கதை கட்டி, ஒரு சாமியைப் பிடித்து உட்கார வைத்து விடுவார்கள். செவ்வாயோ புதனோ, உங்கள் வீட்டுப் பெண்களுக்கு எது சௌகரியமோ அதை வையுங்கள்.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் தட்டையும், உங்கள் மனைவி மக்கள் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள். இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.